பதினான்காவது பொட்டலம்

மார்ச் 2

மாப்பிள்ளைக்கு,

உறையின் மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் உன் அக்காள் எழுதியிருக்கிறாள் என்று ஆசையாகப் பிரித்திருப்பாய். கை அவளுடையது, வாய் என்னுடையது. கிழித்துப் போடத் தோன்றினால் ஒரு நிமிடம் பொறு, படித்துவிட்டுக் கிழி. காகிதத்தைப் படிக்காமல் கையாண்டால் என்ன ஆகும் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

நேற்று மதியம் பெப்பர்மின்ட் பாகை இறக்கிக்கொண்டிருந்தபோது தபால்காரர் ஒரு கவர் கொண்டுவந்தார். பெயர் உன்னுடையது, விலாசம் எங்களுடையது. மூன்று வருடத்துக்கு முன்னால் உன் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தபோது இங்கே வந்து இரண்டு மாதம் இருந்தாயே, அப்போது அச்சகத்துக்குக் கொடுத்த விலாசம் போலிருக்கிறது. அடுத்தவர் கவரைப் பிரிக்கலாமா என்று உன் அக்காள் ரொம்ப நேரம் யோசித்தாள். அதாவது, அடுப்பில் வைத்த பால் பொங்கும் வரை. பிறகு பிரித்துப் படித்தாள்.

உன்னுடைய ஆங்கிலச் சொற்கள் பிறந்த கதைப் புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். எல்லாச் சொல்லும் வந்து சேர்ந்துவிட்டதாம். 'கேண்டி' என்ற ஒரு சொல் மட்டும் வரவில்லையாம். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் வராவிட்டால் அந்தச் சொல் இல்லாமலே அச்சடித்துவிடுவார்களாம்.

"திருப்பி அனுப்பிடலாங்க" என்றாள். "அனுப்பு. கூடவே நான் சொல்றதையும் எழுதி அனுப்பு" என்றேன். அதுதான் இது.

அந்தச் சொல் ஏன் வரவில்லை என்று அச்சகத்தாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் புத்தகம் புத்தகமாகத் தேடி நீ எழுதி வைத்திருந்த கேண்டிச் சீட்டுகள் பதினான்கையும் நான் ஒரே காலையில் பொட்டலம் கட்டி விற்றுவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எலுமிச்சை வில்லை.

என் பக்கத்து நியாயத்தை அன்றைக்கு நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போதாவது கேள். சீட்டு எழுதக் காகிதம் போதாமல், பொட்டலத்துக்காக நான் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கியிருந்ததில் எடுத்து எழுதினாய். எழுதியதைக் கொண்டுபோய் என் பொட்டலக் காகித அலமாரியிலேயே வைத்தாய். என் கைக்கு வருகிற காகிதம் எல்லாவற்றிலும் ஏதாவது எழுதித்தான் இருக்கும். பழைய செய்தித்தாள், பரீட்சைப் பேப்பர், யாரோ யாருக்கோ எழுதிய காதல் கடிதம். அதில் எது குப்பை, எது பொக்கிஷம் என்று நான் எதைக் கொண்டு பார்ப்பேன்? எனக்கு எல்லாமே எறும்பு ஊர்ந்த மாதிரிதான்.

ஆனால் மாப்பிள்ளை, போனது காகிதம்தான். சாயங்காலம் நான் பாகு கிண்டும்போது சலவைக்கல் மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "காதுக்கு நல்லா இருக்கா பாருங்க அத்தான்" என்று ஒவ்வொரு சீட்டையும் உரக்கப் படித்தாயே, அதை மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை. எழுதி வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு மறப்பது கட்டுப்படியாகாது.

சொல்லட்டுமா?

அத்தான்

(தம்பி, இது நானே எழுதுவது. இந்த மனிதர் மூன்று வருடமாகத் தனியாக முணுமுணுத்துக்கொண்டே கிண்டுகிறார். ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தேன். உன் சீட்டாம்! – அக்காள்)


மார்ச் 6

அத்தானுக்கு வணக்கம்.

தங்கள் கடிதமும் அச்சகத்தின் கவரும் கிடைத்தன. நன்றி.

கேண்டி என்ற சொல்லை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அது இல்லாமலும் புத்தகத்தில் அறுநூறு சொற்கள் இருக்கின்றன. மேலே கயிறு கட்டித் துணி கிளிப்புகளில் சீட்டுகளைத் தொங்கவிடுவது என் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். 'உன் சீட்டும் என் கற்கண்டும் ஒரே மாதிரி நூல்லதான் தொங்குது' என்று ஒருமுறை சொன்னீர்கள். இந்த அறையில் ஒரு கயிறு மட்டும் மூன்று வருடமாகக் காலியாக இருக்கிறது. அதில் என் துண்டைக் காயப்போடுகிறேன். அப்படியே இருக்கட்டும்.

தவிர, அச்சகத்தார் கேட்பது கதை அல்ல. எந்த மொழியில் என்ன வடிவம், எதிலிருந்து எதற்குப் போனது, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஒருவர் பாகு கிண்டிக்கொண்டே காதால் கேட்டு மூன்று வருடம் வைத்திருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. மன்னிக்கவும், நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவன். நேற்று நடத்தியதை இன்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இருந்தாலும் ஒன்று. அன்று நான் தெருவில் இறங்கி ஓடியது நினைவிருக்கும். பொட்டலம் வாங்கியவர்களைத் தேடி மூச்சிரைக்க ஓடியதில் ஒரே ஒரு சீட்டு திரும்பக் கிடைத்தது. தையல்கடை அம்மா வில்லைகளைத் தின்று முடித்துவிட்டு, காகிதத்தை நீவி, பின்பக்கத்தில் யாருடைய சட்டைக்கோ கை அளவு குறித்து வைத்திருந்தார். ஒட்டிக்கொண்டிருந்த எறும்புகளோடு அதைக் கொண்டுவந்தேன். இது உங்களுக்குத் தெரியாது. இப்போது என் மேஜை மேல் இருக்கிறது.

அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? பதினான்கில் அது எத்தனையாவது என்றுகூட நான் சொல்லப்போவதில்லை. சொல்லுங்கள், பார்க்கலாம்.

அக்காளுக்கு என் அன்பு. முட்டி வலி தேவலையா?

(கையொப்பம்)


மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை உன் அக்காள் படித்தபோது பள்ளிக்கூடத்துக்குள் போன மாதிரியே இருந்தது. நான் போனதில்லை, இருந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று புரிந்துகொண்டேன். பெஞ்சு மேல் ஏற்றிவிட்டாய். சரி, நின்றே சொல்கிறேன்.

தையல்கடை அம்மாவுக்குப் போனது எந்தச் சீட்டு என்று முதலில் பார்ப்போம். அன்று காலை முதல் பொட்டலம் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு. அடுத்தது பஸ் கண்டக்டருக்கு. அப்புறம் இரட்டைப் பிள்ளைகளோடு ஒரு பெண் வந்தாள். ஒரே பொட்டலம் வாங்கினால் அடிதடி ஆகும் என்று இரண்டாக வாங்கினாள். அவளுக்குப் பின்னால்தான் தையல்கடை அம்மா. ஆக, ஐந்தாவது பொட்டலம். நீ ஒவ்வொரு நாளும் எழுதிய சீட்டை முந்தின சீட்டின் தலைமேல் வைப்பாய். நான் மேலிருந்து எடுத்துக் கட்டினேன். அப்படியானால் பதினான்கு, பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று போய் அவருக்குக் கிடைத்தது பத்தாவது சீட்டு.

பத்தாவதைப் படித்த அன்று கொப்பரையில் இஞ்சி வில்லை. எனக்குச் சீட்டுக்கு எண் கிடையாது. எந்தப் பாகு காயும்போது படித்தாயோ அதுதான் அந்தச் சீட்டின் பெயர். இஞ்சிச் சீட்டில் இருப்பது இது: 'வடமொழியில் கண்ட என்றால் துண்டு, உடைந்த பகுதி. உடைத்தெடுத்த சர்க்கரைக்கும் அதுவே பெயர். பாரசீகத்தில் வழங்கிய கந்த் என்ற சொல் இங்கிருந்து சென்றது என்பது பலர் கருத்து.' பலர் கருத்து என்ற இடத்தில் இஞ்சித் தூள் ஏறி இரண்டு தும்மல் போட்டாய். "எங்க விட்டேன் அத்தான்?" என்றாய். "பலர் கருத்து" என்றேன். "ஆங், பலர் கருத்து" என்றாய். அதனால் என் கணக்கில் அந்தச் சீட்டில் பலர் கருத்து மூன்று முறை வருகிறது. உன் காகிதத்தில் ஒரு முறைதான் இருக்கும்.

சரியா வாத்தியாரே? பெஞ்சிலிருந்து இறங்கலாமா?

இறங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். ஒன்றாவது ஆரஞ்சு வில்லைச் சீட்டு. அமெரிக்காவில் கேண்டி என்றால் எந்த மிட்டாயும் கேண்டிதான். இங்கிலாந்தில் மிட்டாய்க்கு வேறு சொல், பாகைக் காய்ச்சிக் காய்ச்சி உறைய வைத்துக் கல்லாக்கியதை மட்டும் கேண்டி என்பார்கள். "ஒரே பொருளுக்கு ரெண்டு வீட்ல ரெண்டு பேரா?" என்று கேட்டேன். மூன்றாவது, அடிபிடித்துப்போன சோம்பு வில்லைச் சீட்டு. அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது தனியாக வரவில்லை, ஷுகர் கேண்டி என்று ஜோடியாக வந்தது. நாளாக ஆக ஷுகர் கழன்றுகொண்டது. நீ அதைப் படித்த நேரம் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டதில்தான் பாகு அடிபிடித்தது. அதற்கு இன்னும் நீ பதில் சொல்லவில்லை. ஐந்தாவது பால் மிட்டாய்ச் சீட்டு. பிரெஞ்சுக்காரர்கள் 'சுக்ர் கான்டி' என்றார்கள், ஆங்கிலக்காரர்கள் அவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

எட்டு வரைக்கும் புத்தகத்தின் பெயர், பக்கத்தோடு உன் அக்காள் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறாள். மீதி அடுத்த கடிதத்தில். அவளுக்குக் கை வலிக்கிறதாம்.

அத்தான்

(கை மட்டும் வலிக்கவில்லை தம்பி. எழுதியதைப் படித்துக் காட்டும்போது ஒரு சொல் விட்டிருந்தாலும் 'அங்க ஒண்ணு வரும் பாரு' என்கிறார். எழுதத் தெரியாதவர் திருத்தம் சொல்ல, எழுதத் தெரிந்தவள் கைகட்டி நிற்கிறேன். முட்டி தேவலை. – அக்காள்)


மார்ச் 13

அன்புள்ள அத்தான்,

படித்தேன். எழுந்து ஜன்னல் வரை போனேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். கீழே கைக்கடிகாரக் கடைக்காரர் 'என்ன சார், மேல ஒரே நடையா இருக்கு?' என்று மாடிப்படியில் தலையை நீட்டிக் கேட்டார். 'தும்மல்' என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

சீட்டு என் கையில் இருக்கிறது. ஒரு சொல் பிசகவில்லை. பலர் கருத்து ஒரு முறைதான் வருகிறது.

தங்கள் கடிதத்தில் இருந்தவற்றைச் சீட்டுகளாகப் பிரித்து எழுதிக் காலிக் கயிற்றில் தொங்கவிட்டுவிட்டேன். துண்டு நாற்காலிக்குப் போய்விட்டது. புத்தகங்களும் பக்கங்களும் சரிதானா என்று நான் வழக்கமாகக் கேட்கும் பெரிய நூலகத்துக்குப் பட்டியல் அனுப்பிக் கேட்டிருக்கிறேன். அங்கே ஒரு அம்மையார் இருக்கிறார், மிகவும் கறாரானவர். சரியில்லாவிட்டால் சரியில்லை என்று சிவப்பு மையில் எழுதுவார்.

ஆனால் அத்தான், எட்டாவது சீட்டில் ஒரு பிழை. பாரசீகத்திலிருந்து அரபுக்குப் போனது என்று சொல்லியிருக்கிறீர்கள். தலைகீழாக இருக்கிறது. அரபிலிருந்து பாரசீகத்துக்குப் போனது என்றுதான் நான் எழுதியிருந்தேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பரவாயில்லை, இவ்வளவு நினைவில் வைத்ததே பெரிது. ஒன்று மாறிப்போவது இயற்கைதான். அதை நான் திருத்திக்கொள்கிறேன்.

மீதியைத் தாமதிக்காமல் அனுப்புங்கள். பதினெட்டு நாள்தான் இருக்கிறது. புத்தகத்தில் அந்தச் சொல் இல்லாவிட்டால் என்ன என்று போன கடிதத்தில் எழுதினேன். பொய். அறுநூறு சொல்லில் நான் முதன்முதலில் தேட ஆரம்பித்த சொல் அது. உங்கள் மிட்டாய்க் கூடத்துக்குள் முதல்முறை வந்து அந்த வாசனையை மூச்சில் இழுத்த அன்றைக்கு ஆரம்பித்தது.

தம்பி


மார்ச் 16

மாப்பிள்ளைக்கு,

'பரவாயில்லை' என்று எழுதியிருக்கிறாய். பரவாயில்லை என்று விட உனக்கு மனசு வந்தாலும் எனக்கு வராது. எட்டாவது சீட்டில் கை வைக்காதே.

அன்று இரண்டு நிற வில்லை. முதலில் வெள்ளைப் பாகை மேடையில் ஊற்றி, அது அரைகுறையாக இறுகியதும் மேலே சிவப்பை ஊற்ற வேண்டும். நான் வெள்ளையை ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். நீ சீட்டைப் படித்தாய். "ஒண்ணும் புரியலையே மாப்பிள்ளை, யாரு யாருக்குக் குடுத்தாங்க?" என்றேன். நீ ஸ்டூலை விட்டு எழுந்து வந்து மேடையைக் காட்டினாய். "இந்த வெள்ளைதான் பாரசீகம். மேல ஊத்தப் போறீங்களே சிவப்பு, அது அரபு. கீழ இருக்கறதுதான் மூத்தது." அதற்கப்புறம் நான் எத்தனையோ தரம் இரண்டு நிற வில்லை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் முதலில் பாரசீகத்தைத்தான் ஊற்றுகிறேன். மாற்றி ஊற்றினால் எனக்கு மேடையே ஒத்துழைக்காது. நீ வேண்டுமானால் அந்தச் சிவப்பு மை அம்மாவைக் கேள்.

ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை இணைத்திருக்கிறது. பன்னிரண்டாவதில் சர்க்கரைக் கட்டிக்கு நாம் சொல்லும் கண்டு, கற்கண்டு இரண்டும் வருகின்றன. கட்டியாவது, உறைவது என்ற பொருளுள்ள நம் பக்கத்துச் சொல்லிலிருந்துதான் வடமொழிக்கே போனது என்று சிலர் நினைக்கிறார்கள், இது முடிவான சங்கதி இல்லை என்று எழுதியிருந்தாய். "முடிவில்லைன்னு ஏன் எழுதற, நம்ம சொல்லுன்னே போட்டுடேன், யாரு வந்து கேக்கப் போறா?" என்றேன். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதக் கூடாது அத்தான்" என்றாய். அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை. நடுவில் சண்டை போட்டதெல்லாம் அதற்கு மேலே ஊற்றியதுதான்.

சண்டை என்றதும் சொல்கிறேன். நீ அன்றைக்குக் கூடத்து ஆட்கள் எல்லாரும் பார்க்க, "எழுத்து தெரியாதவன் கையில காகிதம் போனா குப்பைதான்" என்றாய். நான் சும்மா இருந்தேனா? "உன் ஒம்பது வருஷப் படிப்பு ஒரு வேளைக்குப் பொட்டலம் கட்டத்தான் ஆச்சு" என்றேன். அப்போது உன் முகம் போன போக்கும் என் ஞாபகத்தில்தான் இருக்கிறது. நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட இந்த மண்டைக்குத் தெரியவில்லை. நான் சொன்னது தப்பு. உன் படிப்பு பொட்டலம் கட்டுவதற்கு உள்ளது இல்லை. இதை எழுதச் சொல்லும்போது உன் அக்காள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "எழுதுடி" என்றேன், எழுதுகிறாள்.

இனி ஒரு சிக்கல். சீட்டு பதினான்கு. கட்டியது பதினான்கு பொட்டலம். கேட்டது பதின்மூன்று. கடைசிச் சீட்டை நீ எனக்குப் படித்துக் காட்டவேயில்லை. அன்று பாகு கிடையாது, கொப்பரை கழுவுகிற நாள். நீ ஓரமாக உட்கார்ந்து எழுதினாய், சிரித்துக்கொண்டே எழுதினாய், அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். மறுநாள் காலை முதல் பொட்டலமே அதுதான். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வாங்கி, வில்லையை வாயில் போட்டுக்கொண்டு காகிதத்தைப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். என் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டேன். இதற்கு மேல் எனக்குத் தெரியாது. அவரும் ஊர் மாறிப் போய்விட்டார்.

அந்த ஒன்று என்னிடம் இல்லை, மாப்பிள்ளை. என்னை மன்னித்துவிடு. அது இல்லாமல் கட்டுரை நிற்குமா?

அத்தான்

(அவர் 'மன்னித்துவிடு' என்று சொல்லி நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. நாற்பத்தெட்டு வருடத்தில் எனக்குக்கூடச் சொன்னதில்லை. எடுத்து வைத்துக்கொள். – அக்காள்)


மார்ச் 26

என் அன்பு அத்தான்,

பிறகு அனுப்பிய மீதிப் பட்டியலுக்கும் சேர்த்து நூலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. மேலிருந்து கீழ் வரை ஒரே நீல மை. எட்டாவது சீட்டுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மை, அதுவும் எனக்குத்தான். 'பாரசீகத்திலிருந்தே அரபுக்குச் சென்றது. தங்கள் ஐயம் தவறு. தங்களுக்குத் தகவல் சொன்னவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். அவர் எந்தக் கல்லூரி?' என்று கேட்டிருக்கிறார். பதில் எழுதிவிட்டேன். கொப்பரைக் கல்லூரி என்று.

நேற்று ரயிலேறிப் போய்க் கட்டுரையை அச்சகத்தில் என் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தேன். முப்பத்தொன்றுக்கு ஆறு நாள் முன்னால்! எழுத்துக் கோர்ப்பவர் அங்கேயே நின்று படித்துவிட்டு, 'சார், இதைப் படிச்சா வாயில ஏதாவது போட்டுக்கணும் போல இருக்கே' என்றார்.

பதினான்காவது சீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மற்ற பதின்மூன்றும் உங்கள் மண்டையில் இருந்தன, என் மண்டையில் இல்லை. எழுதிவிட்டோம் என்ற தைரியத்தில் நான் மறந்துபோனேன். ஆனால் பதினான்காவது மட்டும் என்னிடம் ஒரு எழுத்துக் குறையாமல் இருக்கிறது. அது இல்லாமல் நான் ஒரு நாளும் தூங்கி எழுந்ததில்லை. இதோ:

'துண்டு என்பதிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். கட்டியாவது என்பதிலிருந்து வந்தது என்பார் மறு சாரார். உடைத்ததா, உறைந்ததா என்று நாற்பது புத்தகங்களில் சண்டை. இதை என் அத்தானிடம் சொன்னேன். கொப்பரையைத் தேய்த்துக்கொண்டே அவர் சொன்னது: "கட்டியாகாத எதையாவது உடைக்க முடியுமா? கட்டியானதை உடைக்காமத் திங்கத்தான் முடியுமா? ரெண்டு பேரும் வேற வேற நாள் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க, அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க இங்க வந்து உக்காரச் சொல்லு." ஆதாரம்: ஐம்பது வருடம் பாகு காய்ச்சியவர், நேர்ப்பேச்சு.'

இதைத்தான் நான் சிரித்துக்கொண்டே எழுதினேன். இதைப் படித்துவிட்டுத்தான் கண்ணாடிக் கடைக்காரர் உங்களைப் பார்த்துச் சிரித்தார். புத்தகம் அச்சாகி வந்ததும் அக்காளை விட்டு உங்களுக்கு உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும், உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அதை மட்டும் ஒளித்து வைத்தேன். மறுநாள் அது போய்விட்டது. மற்றவற்றை எப்படியாவது மறுபடி தேடிவிடலாம், இது எந்தப் புத்தகத்தில் கிடைக்கும் என்ற ஆத்திரத்தில்தான் கத்தினேன். எழுத்துத் தெரியாதவன் என்று நான் சொன்னது, பதினான்கிலும் சிறந்த சீட்டுக்குச் சொந்தக்காரரைப் பார்த்து! வீட்டுக்கு வந்து சேரும்போதே இது உறைத்தது. உறைத்தும் மூன்று வருடம் மாடியில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு எந்த அகராதியிலும் சொல் கிடைக்கவில்லை. உங்கள் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்: என்னை மன்னித்துவிடுங்கள்.

கட்டுரையின் கடைசிப் பத்தி இதுதான். ஒரு சொல்லும் மாற்றவில்லை. இது என் புத்தகத்தில் இருக்கும். நீங்கள் சொன்னதாகவே இருக்கும்.

உங்கள் தம்பி

(பின்குறிப்பு: சோம்பு வில்லை அடிபிடித்ததற்கு நான் பொறுப்பல்ல. துடுப்பு உங்கள் கையில் இருந்தது.)


மார்ச் 29

மாப்பிள்ளைக்கு,

உன் அக்காள் அந்தப் பத்தியைப் படித்தாள். "மறுபடி படி" என்றேன், படித்தாள். "இன்னொரு தரம்" என்றேன். "ஒரு தரம் கேட்டாலே உங்களுக்கு மறக்காதே, அப்புறம் எதுக்கு?" என்றாள். "ஞாபகத்துக்கு இல்லடி, ருசிக்கு" என்றேன். படித்தாள். கூடத்து ஆட்கள் ஆறு பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றுகொண்டார்கள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு, காலியாக இருந்த கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்தேனாம். பிறகு சொல்லிச் சிரித்தார்கள்.

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அது சீட்டில் ஏறுகிற சரக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்தவர் சொல்வதைத்தான் நான் பத்திரப்படுத்துவேன். என் வாயில் வருவதை மேடையில் ஊற்றிவிட்டு அடுத்த பாகுக்குப் போய்விடுவேன். அதைப் பொறுக்கி வைக்க நீ ஒருவன் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாய் பார்.

மன்னிப்பெல்லாம் போதும். நீ ஒன்று கேட்டாய், நான் ஒன்று கேட்டேன், வெள்ளைக்கு மேல் சிவப்பு ஊற்றியாகிவிட்டது. இனி அதைப் பிரித்தெடுக்கப் பார்க்காதே.

ஒரு வேலை இருக்கிறது. அச்சகத்தில் சொல்லி அந்தக் கேண்டிப் பக்கத்தை மட்டும் தனியாக ஐம்பது பிரதி கூடுதலாகப் போட்டு வாங்கி வா. சதுரமாக வெட்டாமல் முழுசாகக் கொண்டு வா, வெட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். எதற்கு என்று கேட்காதே. பொட்டலம் கட்டத்தான்! இந்தத் தரம் தெரிந்தே கட்டுகிறேன். தையல்கடை அம்மாவுக்கு ஒன்று, கண்டக்டருக்கு ஒன்று, அந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டு. அவர்கள் இப்போது படிக்கிற வயசு. வில்லையைத் தின்றுவிட்டுக் காகிதத்தைப் படிக்கட்டும். படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தால் நான் சட்டையைக் குனிந்து பார்க்க மாட்டேன்.

இன்று காலை பெரிய பாத்திரத்தில் பாகை இறக்கி, குறுக்கே குச்சி வைத்துப் பதினான்கு நூல் தொங்கவிட்டிருக்கிறேன். கற்கண்டு. இனி ஏழெட்டு நாளைக்கு அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது, தும்மக்கூடக் கூடாது. பாத்திரம் அசைந்தால் எல்லாம் பொடியாகிப் போகும். உனக்கே தெரியும். நீ வந்து சேருகிற அன்றைக்குச் சரியாக இருக்கும்.

ஆட்களிடம் சொல்லிவிட்டேன், இந்தப் பாத்திரத்தில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று. கட்டியாக்குவது என் பொறுப்பு. நீ வந்து உடை.

அத்தான்

(தம்பி, ஸ்டூலைத் துடைத்து மேடைப் பக்கம் போட்டுவிட்டேன். பொட்டலக் காகித அலமாரியைப் பூட்டிச் சாவியை என் முந்தானையில் முடிந்திருக்கிறேன். பயப்படாமல் சீட்டோடு வா. – அக்காள்)